இரட்டைக் கார்புரேட்டரின் சுருதி

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு நாள், வெயில் ஏறுவதற்கு முன்னமேயே, விளாத்திகுளத்திலிருந்து வேம்பாருக்குச் செல்லும் சாலையோரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில், வேப்பமரத்து நிழலில் நின்ற பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்பக்கம் முழுவதையும், மட்கார்டுகளோடும் விளக்குகளோடும் சேர்த்து முன்னோக்கிச் சாய்த்துவிட்டு, திறந்து கிடந்த முன்சக்கரத்தின் டயர்மீதே அமர்ந்தபடி, இரண்டடி நீளமுள்ள ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தம் காதிலும் மறுமுனையை எஞ்சினின் பக்கவாட்டிலும் வைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்த முதிய மெக்கானிக் ஒருவரைக் கண்டேன். எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் முனையை அவர் முன்னிருந்த கார்புரேட்டரின் வாயில் சிறிது நேரம் வைப்பார். பின்னிருந்ததன் வாயில் சிறிது நேரம் வைப்பார். பிறகு ஒரு திருப்புளியால் ஏதோ ஒரு திருகாணியை மயிரிழை அளவு அசைத்துவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொள்வார். அருகில் நின்ற என் உறவினர், வண்டியின் சொந்தக்காரர், ஏதோ கேட்க வாயெடுத்தபோது, கண்ணைத் திறவாமலேயே, "சித்தெ சும்மா இருங்க தம்பி, சத்தம் கேக்கணும்" என்றார்.

அந்தக் காட்சி எனக்கு ஒரு தம்பூராவைச் சுருதி சேர்ப்பவரையே ஞாபகப்படுத்தியது. இந்த ஊரில் அப்படியொரு ஞாபகம் எழுவது இயல்புதான். 1889-ல் பிறந்து 1965-ல் மறைந்த நல்லப்ப சுவாமிகள், கீர்த்தனங்களை நாடாமல் இராக ஆலாபனையிலேயே மணிக்கணக்காகத் திளைத்து, கரகரப்பிரியாவைத் தமக்கே உரிய சொத்தாக்கிக்கொண்ட அந்த மேதை, விளாத்திகுளம் சுவாமிகள் என்ற பெயராலேயே சங்கீத உலகத்தில் அறியப்பட்டார். கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் அவரோடு நெருங்கிப் பழகியவர். பக்கத்து ஊரான எட்டயபுரத்திலோ 1835-ல் முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாளைக் கழித்தார். சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் மகா கிரந்தம் 1904-ல் அச்சேறியதும் அங்கேதான். செவியால் மட்டுமே அறியத்தக்க சூக்ஷ்மங்களுக்கு மதிப்புக் கொடுத்த மண் இது. ஆகையால், யந்திரத்தில் உள்ள ஒரு சுருதியைப் பற்றி இவ்வூரின் பெயரை வைத்துக்கொண்டு எழுதுவது பொருத்தமில்லாததாக எனக்குத் தோன்றவில்லை.

கார்புரேட்டர் என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் திரவமாக இருக்கும்வரையில் எஞ்சினுக்குப் பிரயோஜனமில்லை; அது காற்றோடு நுண்துளிகளாகக் கலந்து, ஏறத்தாழ ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினைந்து பங்கு காற்று என்ற எடை விகிதத்தில் சிலிண்டருக்குள் புகுந்தால்தான், பிளக்கிலிருந்து எழும் பொறியில் முறையாக எரியும். அந்தக் கலவையைச் செய்வது கார்புரேட்டர். எஞ்சினுக்கு அது மூக்குமாகிறது, சமையற்காரருமாகிறது. காற்று ஒரு குறுகலான வழியாக விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவினால், கீழேயுள்ள சிறு கிண்ணத்தில் மிதவையால் ஒரே மட்டத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் பெட்ரோல், ஜெட் என்னும் நுண்துளை வழியே மேலே இழுக்கப்பட்டுக் காற்றில் தூவப்படுகிறது. இதற்கு மேல் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது வேண்டிய அளவும், விரைந்து ஓடும்போது வேண்டிய அளவும் ஒன்றல்ல. இந்தச் சங்கடத்தை மிக அழகாகத் தீர்த்தவர் ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்ற ஆங்கிலேயர். பாதரட்சை வியாபாரக் குடும்பத்தில் பிறந்த அவர் 1904-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டுபிடித்த கார்புரேட்டரில், காற்றின் வழியே தேவைக்கேற்பத் தானாக அகன்று தானாகக் குறுகியது. அதை அகற்றிக் குறுக்கிய உறுப்பு, குடும்பத் தொழிலுக்கேற்ப, தோலால் தைத்த ஒரு சிறு துருத்தி. முதல் துருத்திகளைத் தைத்தவர் அவருடைய மனைவியார் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லிவந்திருக்கிறார்கள். கொல்லன் உலையிலும் சுருதிப்பெட்டியிலும் நாம் அறிந்த அதே துருத்திதான்! 1910-ல் எஸ்.யூ. என்ற பெயரில் கம்பெனி ஏற்பட்டது. பிற்காலத்தில் தோல் துருத்தி போய், மணி போன்ற ஓர் உலோகக் கூட்டுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் வந்தது. அந்தப் பிஸ்டனின் அடியில் நுனி நோக்கிச் சரிந்து மெலியும் ஓர் ஊசி தொங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிஸ்டன் எழும், ஊசியும் எழும், ஜெட்டின் துளையில் ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளி பெருகிப் பெட்ரோலும் அதிகப்படும். காற்றும் எரிபொருளும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டே ஏறி இறங்குகின்றன.

இப்போது, ஒன்று இருக்க இரண்டு எதற்கு என்ற கேள்வி. நான்கு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் எஞ்சினுக்கு நடுவில் ஒரே கார்புரேட்டரை வைத்தால், நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்குப் பந்தி அருகிலும் ஓரத்திலுள்ள இரண்டுக்குப் பந்தி தூரத்திலுமாக அமைந்துவிடுகிறது. வளைந்து செல்லும் குழாயில் கனமான பெட்ரோல் துளிகள் சுவரில் ஒட்டிக்கொள்ள, கடைக்கோடிச் சிலிண்டருக்கு வெறுங்காற்று மிகுந்துவிடுகிறது. இரண்டு சிலிண்டருக்கு ஒன்று வீதம் இரண்டு கார்புரேட்டர் வைத்தால் வழியின் நீளம் குறைகிறது, மூச்சு விசாலமாகிறது. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சின், ஒற்றைக் கார்புரேட்டர் பூண்ட சாதாரண வண்டியில் சுமார் 35 குதிரைசக்தியும், இரட்டை எஸ்.யூ. பூண்ட கூப்பே வண்டியில் சுமார் 45 குதிரைசக்தியும் தந்தது. சிலிண்டருக்குள் அழுத்தத்தைக் கூட்டியதற்கும் அதில் பங்குண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த ஹெரால்டு நமக்கு அந்நியமன்று. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி, 1961 முதல் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தமிழ்நாட்டிலேயே செய்து இந்தியா முழுவதும் அனுப்பியது. அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்ட காலத்தில் மூன்றாவது கார் என்று சொல்லத்தக்கது நம் ஊர்க் காராகவே இருந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். நம் நாட்டில் ஓடிய ஹெரால்டுகளில் ஒற்றைக் கார்புரேட்டரே பெருவழக்கு. இரண்டாவதை ஏற்றும் ஆசை பெரும்பாலும் பந்தயப் பிரியர்களுக்கு உண்டாயிற்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுபாதையில், 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகளும் ஓடின. என் உறவினரின் வண்டியிலும் எவரோ ஒரு முன்னைய சொந்தக்காரர் இங்கிலாந்திலிருந்து தருவித்த இரட்டை எஸ்.யூ.வை ஏற்றியிருந்தார். அதை எந்த மெக்கானிக்கும் தொட விரும்பவில்லை என்பதே வண்டி இவ்வளவு தூரம் வந்து சேர்ந்ததன் காரணம்.

இரண்டு கார்புரேட்டர் இருப்பதில் லாபம் எவ்வளவோ அவ்வளவு தொல்லையும் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்குவத்தில் கலவை செய்ய வேண்டும். ஒன்று அதிகமாக இழுத்து மற்றொன்று குறைவாக இழுத்தால், இரண்டு சிலிண்டர்கள் இழுக்க இரண்டு சிலிண்டர்கள் இழுபட, எஞ்சின் நொண்டிமாடு பூட்டிய வண்டிபோல் குலுங்கும். இந்த எஞ்சினில் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2 என்பது. முன்னிருக்கும் கார்புரேட்டர் 1, 2 ஆகியவற்றுக்கும் பின்னிருப்பது 3, 4 ஆகியவற்றுக்கும் ஊட்டுவதால், மூச்சு முன், பின், பின், முன் என்று மாறி மாறிச் செல்கிறது. இரண்டும் ஒத்திருந்தால் அந்த நடை காதுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வாதபோதுதான் தாளம் தட்டுவதுபோல் வெளிப்படுகிறது.

நான் அன்று கண்டதில் முதலாவதாக என் மனத்தில் பதிந்தது, அவர் கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன்னால் செலவிட்ட நேரம். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அவர் அதன் பக்கமே போகவில்லை. டப்பெட் இடைவெளியை அளந்தார், பிளக்குகளைக் கழற்றித் துடைத்து இடைவெளி வைத்தார், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாயிண்டைத் தேய்த்துச் சீராக்கினார், டைமிங்கைப் பார்த்தார், கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் வழியாகத் திருட்டுக்காற்று புகுகிறதா என்று சோதித்தார். "எஞ்சின் குத்தத்தையெல்லாம் கார்ப்ரேட்டர் தலையில போட்டுருவாக தம்பி. மொதல்ல கரெண்டு, பெறகுதான் பெட்ரோல்" என்றார். இதை நான் பிற்பாடு பலரிடம் விசாரித்து அறிந்தேன்: கார்புரேட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டு வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வியாதி வேறிடத்தில் இருக்கிறதாம். ஒரு நரம்பு சரியில்லாத தம்பூராவுக்கு எத்தனை முறை பிருடையைத் திருகினாலும் சுருதி நிற்காது அல்லவா?

பிறகு எஞ்சினை ஓட்டி நன்றாகச் சூடேற்றி, நிறுத்தி, காற்றுச் சல்லடைகளைக் கழற்றினார். இரண்டு பிஸ்டன்களையும் விரலால் உயர்த்தி விட்டுப் பார்த்தார். இரண்டும் தடையின்றி இறங்கி, 'டக்' என்ற தெளிவான ஓசையோடு அடியில் உட்கார்ந்தன. அந்த ஓசை எழாவிட்டால் ஊசி ஜெட்டின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் உராய்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே போகக்கூடாது. பிஸ்டன் தண்டின் உச்சியில் உள்ள சிறு கிணற்றில் எஸ்.ஏ.இ. 20 எண்ணெய் சில துளி விட்டார். பிஸ்டன் திடீரென்று துள்ளிவிடாமல் நிதானமாக எழுவதற்கு அந்த எண்ணெயே காரணம். அது வற்றிய வண்டியில் மிதித்தவுடன் பிக்கப் கிடைக்காமல் எஞ்சின் திணறும். எத்தனையோ பேர் இந்தச் சிறு எண்ணெயை மறந்துவிட்டுப் பெரிய செலவுகளைச் செய்திருக்கிறார்கள்.

அடுத்ததாக, இரண்டு கார்புரேட்டர்களையும் பிணைக்கும் குறுக்குத் தண்டின் பிடிகளைத் தளர்த்தினார். இனி ஒன்றன் அசைவு மற்றொன்றை அசைக்காது. ஒவ்வொன்றின் திருகாணியையும் முழுவதும் தளர்த்தி, காற்றைத் தடுக்கும் தகடு முற்றிலும் மூடியபின், இரண்டிலும் சமமாக ஒன்றரைச் சுற்றுத் திருகினார். ஜெட்டுகளுக்கு அடியில் உள்ள அறுபட்டை நட்டுகளை ஜெட் மேலே தட்டும்வரை ஏற்றி, அங்கிருந்து பன்னிரண்டு பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்கினார். இதுதான் ஆரம்ப நிலை. ஜெட் கீழே இறங்க இறங்கப் பெட்ரோல் மிகும். மேலே ஏற ஏறக் குறையும்.

இப்போது எஞ்சினை மறுபடி ஓடவிட்டு அந்த ரப்பர் குழாயை எடுத்தார். காற்று உட்புகும்போது ஒவ்வொரு கார்புரேட்டரும் 'உஸ்' என்று இரைகிறது. குழாயை இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் வைத்துக் கேட்க வேண்டும். அரை அங்குலம் நகர்ந்தாலும் ஓசை மாறிவிடும். என் கையில் குழாயைக் கொடுத்து அவர் கேட்கச் சொன்னபோது எனக்கு முதலில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. மூன்றாம் முறை, நான்காம் முறை கேட்டபோது, முன்னிருப்பது சற்றே மேலான, ஒடுங்கிய சீழ்க்கை என்றும், பின்னிருப்பது சற்றே கனத்த இரைச்சல் என்றும் மெல்லப் புரிந்தது. பின்னிருப்பதன் திருகாணியைச் சிறிது தளர்த்தினார்; எஞ்சினின் வேகம் தாழ்ந்தது; முன்னதைச் சிறிது முறுக்கினார்; வேகம் திரும்பியது. மறுபடி கேட்டார். இப்படி ஏழெட்டு முறை. இரண்டும் ஒன்றானபோது எஞ்சினின் ஆட்டமே அடங்கி, ரேடியேட்டர்மீது வைத்திருந்த அவருடைய டீ கிளாஸில் அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த வட்டங்கள் ஓய்ந்துபோயின. காற்றை அளக்கும் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. அவற்றைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஆயினும் அந்தக் கணத்தில் அவர் முகத்தில் கண்ட நிறைவை நான் எந்தக் கருவியின் முள்ளிலும் கண்டதில்லை.

காற்று சமமான பின்னரே கலவை. இரண்டு நட்டுகளையும் ஒன்றுபோல, ஒவ்வொரு பட்டையாக ஏற்றியும் இறக்கியும், எஞ்சின் எந்த நிலையில் மிக விரைவாகவும் மிக ஸ்திரமாகவும் ஓடுகிறதோ அதைத் தேட வேண்டும். பரீட்சை எளிது: மெல்லிய திருப்புளியின் நுனியால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். எஞ்சினின் வேகம் கூடி, கூடியபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். வேகம் விழுந்து எஞ்சின் அணையப் பார்த்தால் பெட்ரோல் போதாது. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கே திரும்பினால் பக்குவம் சரி. சைலன்சரின் ஓசையும் சாட்சி சொல்லும். பெட்ரோல் மிகுந்தால் ஒழுங்கான இடைவெளியில் மிஸ்ஸிங் விழும், கறுத்த புகையும் வரும். குறைந்தால் ஒழுங்கில்லாமல் சிதறிச் சிதறி விழும், புகைக்கு நிறமிராது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்றை அது சற்றே பாதிக்கும் என்பதால், முன்னதற்கும் பின்னதற்கும் இரண்டு மூன்று நடை நடந்தே தீர வேண்டும். பிறகு மீண்டும் குழாயால் காற்றைச் சரிபார்த்து, குறுக்குத் தண்டின் பிடிகளை இறுக்கினால், ஒரே மிதியில் இரண்டும் ஒரே கணத்தில் வாய் திறக்கும்.

விளாத்திகுளத்துச் சித்திரையும் இக்காலத்துப் பெட்ரோலும் சேர்ந்து இந்த வேலையை மேலும் கடினமாக்கியிருக்கின்றன. கடும் வெயிலில் கார்புரேட்டருக்குப் போகும் வழியிலேயே பெட்ரோல் ஆவியாகி, பம்பு வெறும் ஆவியைத் தள்ளிக்கொண்டிருக்க வண்டி நடுவழியில் நின்றுவிடுவதும், ஓட்டுநர் இறங்கிப் பம்பின்மீது ஈரத்துணி சுற்றுவதும் அம்பாசடர், ஃபியட் காலத்தவர் எல்லோருக்கும் அனுபவமானவை. இன்றோ நம் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்திருக்கிறது. பெட்ரோல் தன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்றோடு எரிகிறது என்றால், எத்தனாலுக்கு ஒன்பது மடங்கு காற்றே போதும். ஆகவே பழைய அளவில் வைத்த ஜெட்டிலிருந்து வரும் கலவை எஞ்சினுக்குப் பற்றாக்குறையாகிவிடுகிறது, நட்டை ஒன்றிரண்டு பட்டை இறக்கவேண்டி நேரிடுகிறது. பழைய எஸ்.யூ.வின் ஜெட்டைச் சுற்றிக் கசிவைத் தடுப்பவை சிறு கார்க்கு வளையங்கள். அவையும் அக்காலத்து ரப்பர் குழாய்களும் எத்தனாலைத் தாங்குவதில்லை. கடற்காற்றிலுள்ள ஈரத்தை எத்தனால் உறிஞ்சிக்கொள்வதனால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் மிதவைக் கிண்ணத்துக்குள் உப்பளத்துப் பாத்தியில் உப்புப் பூப்பதுபோல் வெண்பொடி படிகிறது. அந்தக் கிண்ணத்தைத் திறந்து காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லாமல் பொடியை நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார்.

பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள், புதுக் குழாய்களும் எத்தனாலுக்கு இசைந்த வளையங்களும் மாற்றிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு முறையாவது வண்டியை ஓட்டி, நெடுநாள் நிறுத்துவதானால் கிண்ணத்தைக் காலிசெய்துவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

நெருக்கடியில் எஞ்சினுக்கு வேறு உணவு ஊட்டிய காலமும் இந்தச் சீமைக்கு உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் அருகியபோது, பஸ்களின் பின்புறத்தில் அடுப்பைக் கட்டி, மரக்கரியின் வாயுவால் அவற்றை ஓட்டினார்கள். இன்று விளாத்திகுளத்தைச் சுற்றிச் சீமைக் கருவேல மரங்களை மூட்டம் போட்டுக் கரியாக்கும் புகையைக் காணும்போதெல்லாம் அந்தக் கரிவண்டிகளின் கதை எனக்கு நினைவு வருகிறது.

கார்புரேட்டரின் யுகம் நம் கண்ணெதிரே முடிந்திருக்கிறது. 1983-ல் வந்த மாருதி 800-க்கும் சென்னையில் செய்த கார்புரேட்டர்கள் சென்றன. இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டி வந்த புகைவிதிகளினால் கார்கள் கம்ப்யூட்டர் அளந்து ஊட்டும் முறைக்கு மாறின. 2020 ஏப்ரலுக்குப் பின் இருசக்கர வண்டிகளும் மாறின. அதனால் புகை குறைந்தது, எண்ணெய் மிச்சமாயிற்று, அது நன்மையே. ஆனால் ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்கத் தெரிந்தவர்கள் அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள், அவர்களிடம் கற்க எவரும் வருவதில்லை என்பது என்னை வருத்துகிறது. அந்த ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஒரே பையன், மோட்டார் சைக்கிள்களின் சென்சார்களைச் செல்போனில் பார்த்துச் சொல்லும் கெட்டிக்காரன். அவனையும் அவர் அன்று அழைத்து, "ஏலே, இங்க வா, இதக் கேளு" என்று குழாயைக் கொடுத்தார். அவன் வெகுநேரம் கேட்டான். "பின்னால உள்ளதுதான் தாத்தா கொஞ்சம் கூட இழுக்கு" என்றான். அப்போது சரிபார்ப்பதற்காக அவர் வேண்டுமென்றே பின்னதை ஒரு மயிரிழை திறந்து வைத்திருந்தார்.

மாலையில் வெயில் தணிந்தபின் வேம்பார்க் கடற்கரைவரை ஓட்டிச்சென்று திரும்பினோம். மூன்றாவது கியரிலேயே வண்டி தடங்கலில்லாமல் ஏறிச்சென்றது. மிதியை விட்டபோது எஞ்சின் வெடிக்காமல், குலுங்காமல் இறங்கியது. என் உறவினர் பணத்தை எடுத்து நீட்டினார். மெக்கானிக் அதை வாங்காமல், சூடு ஆறட்டும் என்று சொல்லி ஒரு பீடியைப் பற்றவைத்து முடித்துவிட்டு, நான்கு பிளக்குகளையும் கழற்றித் தரையில் விரித்த துணிமேல் வரிசையாக வைத்தார். 1, 2 ஆகியவற்றின் நுனிகள் வறுத்த காப்பிக்கொட்டையின் இளநிறத்தில் இருந்தன. 3, 4 ஆகியவை அதைவிட ஒரு பிடி வெளுத்திருந்தன. எனக்கு அது தெரியவில்லை, அவர் டார்ச்சு அடித்துக் காட்டிய பிறகே தெரிந்தது.

"பின்னதுக்கு இன்னும் ஒரு பட்டை எறக்கணும்" என்று எழுந்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடியும் டயர்மேல் ஏறி உட்கார்ந்தார்.